முள்மரத்தில் நீ தொங்கவிட்ட குழை

மகன்,

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. நாங்கள் சுகம் என்று எழுதினால் உனக்கு நிம்மதி, ஆகவே சுகம். உன் அம்மாவின் இடது கண்ணில் படலம் முற்றிவிட்டது. என் முழங்கால் நான் சொல்வதைக் கேட்பதில்லை. வீட்டில் வேறு யாரும் கேட்பதில்லை என்பதால் அதை மட்டும் கோபித்து என்ன பயன்? கச்சான் காற்று தொடங்கி யன்னல் கதவுகள் பகல் முழுக்க அடித்துக்கொண்டிருக்கின்றன. குசினிப் பக்க யன்னலுக்கு நீ போகும்போது கட்டிவிட்ட கயிறு இன்னும் அறாமல் இருக்கிறது. அதை மாற்ற எனக்கு மனம் வரவில்லை.

உன் கடிதத்தை நான் இதுவரை ஏழெட்டுத் தடவை வாசித்துவிட்டேன். கணக்கு வாத்தியாராகச் சாம்பியாவுக்குப் போனவன், அந்த ஒப்பந்தம் முடிந்ததும் பொட்ஸ்வானாவில் யானை, சிங்கம் பார்க்க வருகிறவர்கள் தங்கும் விடுதியில் கந்தோர் வேலைக்குச் சேர்ந்தாய். நான் வெருகல் காட்டு வாடிவீட்டில் தங்கி யானை பார்க்க வந்தவர்களுக்குச் சமைத்துப் போட்டேன். நீ கடல் தாண்டிப் போய் அதே யானைக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தாய். தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி என்று சொல்லி நான் சிரித்தேன். இப்போது அந்த விடுதியையும் விட்டுவிட்டு, தென்னாப்பிரிக்காவுக்குள்ளால் பஸ்ஸும் ரயிலுமாக மூன்று நாள் பயணம் செய்து லெசோத்தோவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறாய். வழி நெடுகப் பார்த்ததை நீ எழுதியிருக்கிற விதத்தில் நானும் அந்த ரயிலில் உன் பக்கத்தில் இருந்ததுபோல இருந்தது. அறுவடை முடிந்து காய்ந்து நிற்கும் சோளக் காடு, அதன் நடுவே ஒவ்வொரு பண்ணைக்கும் ஒன்றாகத் தண்ணீர் இறைக்கும் காற்றாடி, மஞ்சள் புல், ஆளரவமே இல்லாத சின்ன ஸ்டேஷன்கள், ரயில் நின்றதும் அவித்த சோளம் விற்க ஓடிவந்த பெண்கள். வெள்ளையருக்கு ஒரு பெட்டி, மற்றவர்களுக்கு வேறு பெட்டி என்று எழுதியிருந்தாய். வாடிவீட்டிலும் நமக்குப் பின்பக்கப் படிதான், அது உனக்கு ஞாபகம் இருக்குமோ தெரியாது. அந்தப் படியில் பிறந்தவனுக்கு அந்தப் பெட்டி புதிதாக இருந்திராது.

கடிதத்தின் கடைசியில், அங்கே பள்ளிக்கூடத்தில் நாலு வருஷ ஒப்பந்தம் தருகிறார்கள், கையெழுத்து வைக்க அடுத்த மாத முடிவு வரை தவணை என்று எழுதியிருந்தாய். “வீட்டில் நான் தேவைப்பட்டால் எழுதுங்கள்” என்று ஒரு வரி. தேவைப்பட்டால்! மகன், தேவைப்பட்டால் என்ன, நீ போன நாளிலிருந்து தேவைதான். ஆனால் அந்தப் பதிலை நான் உடனே எழுதவில்லை. எழுதுவதற்கு முதல் உனக்குச் சொல்லவேண்டிய ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் உன்னை வா என்று கூப்பிட எனக்கு உரிமை இல்லை என்று உன் அம்மா நினைக்கிறாள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். விஷயம் உன் கடிதத்தின் நடுவில் நீ போகிற போக்கில் எழுதிய நாலு வரி.

“விடுதி வாசலில் ட்ரக்கை நிறுத்தச் சொல்லி, ஒரு இலைக்குழை முறித்து முள்மரத்தில் தொங்கவிட்டேன் அப்பா. ஓட்டுகிறவன் சிரித்தான். பத்து நிமிடம் பிந்தியது. ஆனால் பஸ் தவறவில்லை.”

உன் கடிதங்களை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவது நான்தான் என்று உனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை பின்னேரமும் கதிரையை முன்வாசலுக்கு இழுத்துப் போட்டு வாசித்தேன். அந்த நாலு வரி வந்த இடத்தில் என் வாய் நின்றது. தொண்டையைச் செருமிவிட்டு அடுத்த பந்திக்குத் தாவினேன். ஆனால் கண் மங்கினவர்களுக்குக் காது கூர்மை. அடுத்த நாள் நான் சந்தைக்குப் போன நேரத்தில் உன் அம்மா பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு, தொடக்கத்திலிருந்து திரும்ப வாசிக்கச் சொல்லியிருக்கிறாள். நான் மீனோடு வந்து படியேறியபோது மடியில் கடிதத்தை வைத்துக்கொண்டு இருந்தாள்.

“நீங்கள் ஒரு இடம் விட்டிட்டு வாசிச்சனீங்கள்” என்றாள்.

நான் மீனைக் கழுவப் போகிறேன் என்று சொன்னேன். “மீன் கிடக்கட்டும்” என்றாள். “இருபத்திரண்டு வருசமா நீங்கள் அவனிட்டச் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன். இண்டைக்குச் சொல்லுவார், நாளைக்குச் சொல்லுவார் எண்டு. பிள்ளை ஆப்பிரிக்காவுக்கும் போயிட்டுது.”

எதைச் சொல்ல வேண்டும் என்று அவளிடம் நான் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியாது என்றுதான் அவ்வளவு காலமும் இருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்தவன் நான். சோறு போட்டவளுக்கா தெரியாமல் இருக்கும்? ஆகவே உனக்கும் சொல்கிறேன். பொறுமையாக வாசி.

வெள்ளைக்காரரின் கடற்படை திருகோணமலையை விட்டுப் போன வருஷம் அது. உனக்கு ஏழு வயது. வாடிவீட்டு வேலையை விட்டு நாங்கள் துறைமுகத்துப் பக்கம் வருவதென்று முடிவாகியிருந்தது. அம்மாவுக்கு எட்டாம் மாதம். காட்டுக்குள் பிரசவம் வேண்டாம், பெரியாஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது என்று நான்தான் நாள் குறித்தேன். நாங்கள் காக்கா என்று கூப்பிடும் கிண்ணியா முஸ்லிம் அண்ணன் ஒருவரின் லொறியைப் பேசியிருந்தேன். மரம் ஏற்ற வரும்போதெல்லாம் உனக்குப் பேரீச்சம்பழம் கொண்டுவந்து தருவாரே, அவர்தான். லொறியில் மூதூர்த் துறை வரை இரண்டு மணித்தியாலம். அங்கிருந்து மூன்றரை மணி லாஞ்சுப் படகில் குடாவைக் கடந்தால் திருகோணமலை. அதுதான் அன்றைய கடைசி லாஞ்சு. பன்னிரண்டரைக்கு வெளிக்கிட்டால் ஆறுதலாகப் போய்ச் சேரலாம். விடிய எழும்பியதுமே அம்மா சொன்னாள், “இடுப்பு கொஞ்சம் நோகுது, வெள்ளனப் போவம்” என்று. நான் ஓம் என்றேன்.

ஓம் என்றவன் போய்ப் புடிங் செய்தேன், மகன்.

வாடிவீட்டில் அன்று கொழும்பிலிருந்து வந்த ஒரு பெரிய உத்தியோகத்தரும் மனைவியும், அவர்களின் வெளிநாட்டு விருந்தாளிகள் இருவரும் தங்கியிருந்தார்கள். முதல்நாள் சாப்பிட்டு முடித்து அந்த அம்மா, “உங்களுடைய கரமல் புடிங் பற்றிக் கொழும்பில்கூடக் கதைக்கிறார்கள்” என்று ஒரு சொல் சொல்லிவிட்டாள். அது போதும் எனக்கு. நாளைக்குப் பகல் செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். யாரும் கேட்கவில்லை, நானே சொன்னேன். எனக்குப் பதிலாக வேலைக்கு வந்தவன் மூன்று நாள் முதலே வந்துவிட்டான். “அண்ணை, நான் பாத்துக்கொள்ளுறன், நீங்கள் வெளிக்கிடுங்கோ” என்று இரண்டு தடவை சொன்னான். அவனுக்குச் சீனி கருக்கத் தெரியாது என்று எனக்கு ஒரு நினைப்பு. கொஞ்சம் பொறுத்தால் கசக்கும், கொஞ்சம் முந்தினால் நிறம் வராது. அந்தக் கணத்தைப் பிடிக்க என் கண்தான் வேண்டும் என்ற திமிர். எருமைப் பாலைக் காய்ச்சி, முட்டை அடித்து, தகர அச்சில் ஊற்றி அவிய வைத்தேன். காட்டு விறகு ஈரம். அடுப்பு புகைந்ததே தவிர எரியவில்லை. காக்கா வந்து லொறியைத் திருப்பி நிறுத்திவிட்டார். சாமான் ஏற்றியாயிற்று. அம்மா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அவள் மடியில் நீ. ஒரு மணித்தியாலம் அப்படி வெயிலில் இருந்தீர்கள். நான் குசினியில் புடிங்குக்குள் ஈர்க்கு குத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். “அப்பா என்ன செய்யிறார்?” என்று நீ கேட்டது கூட எனக்குக் கேட்டது. சாவி ஒப்படைக்கிறேன் என்று கத்தினேன். அதுதான் நான் சொன்ன முதல் பொய்.

வாடிவீட்டு வெளி முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் ஒரு பாலைமரம். அதன் அடியில் ஒரு கல், அதுதான் பிள்ளையார். காட்டுக்குள் போகிறவன் ஒரு குழை முறித்து அந்த மரத்தில் தொங்கவிட்டுத்தான் போகவேண்டும், யானை வழிவிடும். விருந்தாளிகளின் ஜீப் போகும்போதெல்லாம் அவர்களுக்காக நீதான் ஓடிப்போய்க் குழை முறிப்பாய். அன்று நான் காக்காவிடம், “நிப்பாட்ட வேண்டாம், நேராப் போங்கோ” என்றேன். நீ துள்ளி எழும்பினாய். “அப்பா, குழை முறிக்கேல்லை! அம்மாவும் வாறா, குழை முறிக்கேல்லை!” காக்கா பிரேக்கைப் பிடித்துவிட்டார். “முறிக்கட்டும் தம்பி. நான் பாத்திஹா ஓதுறன், மகன் குழை கட்டுறார். யானைக்கு ரெண்டும் ஒண்டுதான்” என்று சிரித்தார்.

நீ இறங்கி ஓடினாய். கையில் அகப்பட்டதை முறித்துக்கொண்டு வருவாய் என்று பார்த்தால், ஒரு வீரைமரக் கொப்பைப் பிடித்துத் தொங்குகிறாய். உன் மணிக்கட்டை விடத் தடிப்பு. “சின்னன் எடு!” என்று கத்தினேன். “பெருசு வேணும் அப்பா, அம்மாவுக்கும் பாப்பாவுக்கும் சேத்து” என்றாய். முறுக்கினாய், இழுத்தாய், பட்டை உரிந்ததே தவிரக் கொப்பு அறவில்லை. நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். அம்மா, “விடுங்கோ, எனக்காகத்தானே நிக்கிறான்” என்றாள். நான் விடவில்லை. இறங்கி வந்து, ஒரு சிறு குழையைப் பிய்த்துக் கல்லின்மேல் எறிந்துவிட்டு, உன்னைத் தூக்கி லொறிக்குள் போட்டேன். நீ இழுத்த கொப்பு பாதி முறிந்து, பட்டையில் தொங்கிக்கொண்டு நின்றது. எல்லாம் சேர்த்துப் பத்து நிமிஷம்.

மூதூர்த் துறைக்கு நாங்கள் வந்தபோது லாஞ்சு கயிற்றை அவிழ்த்துப் போய்விட்டது. அதன் பின்பக்கத்தில் இருந்தவர்களின் முகம் தெரிகிற தூரம். காக்கா ஹோர்னை அடித்தார். நான் கைலேஞ்சியை எடுத்து ஆட்டினேன். ஒருவர் திருப்பிக் கை காட்டினார், வழியனுப்ப வந்தவன் என்று நினைத்திருப்பார். அப்போது அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் இருந்துவிட்டாள். நான் உன் பக்கம் திரும்பினேன். என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் என் கையால் எழுத வேண்டும். “உன்ர குழையாலதான். பத்து நிமிசம். அந்தப் பத்து நிமிசம் இருந்திருந்தால் லாஞ்சைப் பிடிச்சிருக்கலாம்.”

ஏழு வயதுப் பிள்ளை. நீ அழவில்லை. கையை விரித்துப் பார்த்தாய். உள்ளங்கை பச்சையாக இருந்தது.

மீதியை நீ அறிவாய். காக்கா எங்களைத் துறைக்குப் பக்கத்தில் இருந்த தன் அக்காவின் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்த ராத்தா தன் கட்டிலைத் தந்து, வெந்நீர் வைத்து, பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல உன் அம்மாவைப் பார்த்தாள். பெண் குழந்தை. பள்ளிவாசலில் பொழுதுபட மஃரிப் பாங்கு சொல்லும்வரை மூச்சு இருந்தது. பெரியாஸ்பத்திரிக்குப் போயிருந்தால் பிழைத்திருக்குமோ, தெரியாது. எட்டாம் மாதத்துப் பிள்ளை. யாரும் சொல்ல முடியாது. அடுத்த நாள் விடியவே கட்டைபறிச்சான் பக்கத்தில் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு, காலை லாஞ்சில் வெறும் மடியோடு கடந்தோம். அன்று நீ துறைக்கு எங்களுக்கு முன்னே நடந்துபோய், லாஞ்சு வருவதற்கு ஒரு மணித்தியாலம் முதலே வரிசையில் நின்றாய்.

அதற்குப் பிறகு எப்போதும் அப்படித்தான். பள்ளிக்கூடத்து வாசல் திறக்க முதல் நிற்பாய். பஸ்ஸுக்கு, ரயிலுக்கு, சோதனைக்கு, கலியாண வீட்டுக்கு, எல்லாவற்றுக்கும் முந்திப் போய்க் காத்திருப்பாய். மணமகன் குளிக்க முதலே பந்தியில் இருக்கிற ஆள் என்று உன்னைக் கேலி செய்வார்கள்; நானும் சேர்ந்து சிரித்தேன். வெட்கமில்லாமல் சிரித்தேன். வழியில் ஒரு சோடா குடிக்கக்கூட நீ யாரையும் நிறுத்தச் சொன்னதில்லை. எதையும் கேட்டு அடம்பிடித்ததில்லை. நல்ல பிள்ளை என்று ஊர் சொன்னது. அந்த நல்ல குணம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு மட்டும் தெரியும். ஆப்பிரிக்காவுக்குப் போன அன்றும் ஸ்டேஷனுக்கு இரண்டு மணித்தியாலம் முந்திக் கூட்டிக்கொண்டு போனாய். அந்த இரண்டு மணித்தியாலமும் நான் உன் பக்கத்தில் மரவாங்கில் இருந்தேன். சொல்லியிருக்கலாம். வெற்றிலை போட்டேன், மழை வருமோ என்று கதைத்தேன்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். உன் பத்து நிமிஷம் தாய்க்காக ஒரு பிள்ளை கேட்ட நேரம். என் ஒரு மணித்தியாலம் யாரோ ஒரு பெண் சொன்ன ஒரு புகழ்ச்சிக்காக நான் எடுத்துக்கொண்டது. இரண்டில் எது லாஞ்சைத் தவறவிட்டது என்று கணக்கு வாத்தியாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்றையும் கேள். சில வருஷத்துக்குப் பிறகு வாடிவீட்டில் எனக்குப் பதிலாக வந்தவனைச் சந்தைக்குள் கண்டேன். கதையோடு கதையாக, அன்றைக்குப் புடிங் எப்படி இருந்தது என்று கேட்டேன். அவன் சிரித்தான். “அதை ஏன் அண்ணை கேக்கிறியள்? மேசையில வைச்ச நேரம் யானைக் கூட்டம் குளத்துக்கு இறங்கீட்டுது. எல்லாரும் தூரக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு ஓடீட்டினம். பிறகு பாத்தால் முழுக்க எறும்பு.” நான் சந்தையிலிருந்து ஒன்றும் வாங்காமல் வந்தேன். அம்மா ஏன் என்று கேட்டதற்கு விலை கூட என்று சொன்னேன்.

புதன்கிழமை இதையெல்லாம் ஒன்றும் விடாமல் அவளிடம் சொன்னேன். அழுவாள், ஏசுவாள் என்று பார்த்தேன். “தெரியும்” என்றாள். “லொறிக்குள்ள நீங்கள் ஏறி எனக்குப் பக்கத்தில இருந்தவுடனே தெரியும். உங்கட சேட்டுத் துணியில கருகின சீனி மணந்தது. மூதூர் வரையும் மணந்தது.” அப்படியானால் ஏன் இவ்வளவு காலமும் கேட்கவில்லை என்றேன். “நான் கேட்டால் அது எனக்குச் சொன்னதாப் போகும். அவனுக்கெல்லோ சொல்ல வேணும்” என்றாள். பிறகு குரலை இறக்கி, “நானும் பிழைதான். பிள்ளைக்கு நானாவது சொல்லியிருக்கலாம். உங்களைக் காட்டிக்குடுக்க மனம் வரேல்லை” என்றாள். இருபத்திரண்டு வருஷம் அவள் ஒரு நாளும் என்னிடம் இனிப்புப் பண்டம் செய்யச் சொல்லிக் கேட்டதில்லை. துறைமுகக் கன்ரீனில் ஊருக்கே சமைத்தேன், வீட்டில் சீனி கருக்கியதில்லை. அது தற்செயல் என்று நான் நினைத்திருந்தேன்.

உனக்கு அறிவுரை சொல்லுகிற வயதில் இருக்கிறேன், யோக்கியதையில் இல்லை. ஆனாலும் ஒன்றைக் கேள். நாளைக்கு உனக்கும் ஒரு பிள்ளை பிறக்கும். ஏதோ ஒன்று கைதவறிப் போகிற நேரத்தில், பக்கத்தில் நிற்கிறவர்களில் ஆகச் சின்ன ஆளை உன் கண் தேடும். எல்லாருடைய கண்ணும் தேடும். அந்த நேரம் வாயை மூடிக்கொள். சொன்ன சொல்லை நானும் மறுநாளே திருப்பி எடுத்திருக்கலாம், ஒரு நிமிஷ வேலை. ஒவ்வொரு நாளும் தள்ளிப்போட அது பாரமாகி, பிறகு தூக்கவே முடியாமல் போயிற்று.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். கையெழுத்து வைப்பதும் விடுவதும் உன் விருப்பம். நாலு வருஷம் அங்கே உனக்கு நல்லது என்றால் வை. நான் கோபிக்க மாட்டேன். ஆனால் என்னைக் கேட்டாய், ஆகவே சொல்கிறேன்: வா. உன்னைக் காண வேண்டும் போல இருக்கிறது. ஒவ்வொரு நாளும் பின்னேரம் உவர்மலைச் சரிவில் போய் நின்று மூதூர் லாஞ்சு வருவதைப் பார்க்கிறேன். நீ அதில் வரமாட்டாய் என்று தெரியும். ஆப்பிரிக்காவிலிருந்து மூதூர் வழியாக யார் வருவான்? என்றாலும் இறங்குகிறவர்களில் உன் நடை உள்ளவன் யாராவது இருக்கிறானா என்று கடைசி ஆள் வரை பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறேன். அம்மாவின் கண்ணுக்கு ஒப்பரேஷன் செய்யலாமாம். நீ வந்த பிறகு செய்வோம் என்கிறாள். கண்கட்டை அவிழ்த்ததும் முதலில் சுவரையா பார்ப்பது என்று கேட்கிறாள்.

நீ வந்தால் நாங்கள் மூன்று பேரும் ஒரு நாள் காலை லாஞ்சில் மூதூருக்குப் போவோம். ராத்தா இருக்கிறாள், நடமாடுகிறாள். போய்ச் சேர்ந்ததும் அவளைப் பார்ப்போம். கட்டைபறிச்சானில் உன் தங்கச்சியைப் பார்ப்போம். பிறகு ஒரு வாகனம் பிடித்து அந்தப் பாலைமரத்தடிக்குப் போவோம். வாடிவீடு இடிந்துவிட்டதாம், மரம் நிற்கிறதாம். நான் நீ வருகிற அன்றே வீட்டில் சீனி கருக்கி ஒரு புடிங் செய்வேன், உனக்கும் அம்மாவுக்கும் மட்டும். அவள் தின்றாலும் சரி, தள்ளி வைத்தாலும் சரி. ஆனால் மூதூருக்குப் போகிற அன்று எனக்குச் சமையல் ஒன்றும் இல்லை, அதை இப்போதே சொல்லிவைக்கிறேன்.

அங்கே நீ எந்தக் கொப்பை வேண்டுமானாலும் எடு. பெரிதாகவே எடு. உரிந்துகொண்டு அறாமல் நின்றால் மற்றப் பக்கத்தை நான் பிடித்து முறுக்குகிறேன். கடைசி லாஞ்சு இன்றைக்கும் மூன்றரைக்குத்தான். அது போனால் போகட்டும், ராத்தா வீட்டில் படுத்துவிட்டு அடுத்த நாள் வருவோம். நான் மணிக்கூட்டை வீட்டில் வைத்துவிட்டு வருவேன்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அப்பா